ஆர்டர் குறைந்த நேரத்தில் சூப்பர்வைசர் ஆனவருக்கு

போன மாதம் ஒரு தம்பி ஃபோன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில், பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் எட்டு வருடம் சி.என்.சி. மெஷின் ஓட்டியவர். இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆர்டர் குறைந்து ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நிறுத்தம், இரண்டாவது ஷிஃப்ட் நிறுத்தம். "அண்ணே, நேத்து வரைக்கும் ஒண்ணா டிபன் பாக்ஸ் திறந்தவங்க, இன்னைக்கு நான் பக்கத்துல போனா பேச்சை நிறுத்திடுறாங்க" என்றார்.

அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நானும் இதே எஸ்டேட்டில் டர்னராக நுழைந்து, பிறகு புரொடக்‌ஷன் பார்த்தவன். 2008, 2019, 2020 என்று மூன்று அடிகளை மெஷின் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். நான் இருந்த கம்பெனி நாற்பது பேர் வேலை செய்யும் இடம். ஆயிரம் பேர் இருக்கும் ஆலைக்கு இதில் பாதி பொருந்தாது, அங்கே எச்.ஆர். என்று தனியாக ஆள் வைத்திருப்பார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்

2008 கடைசியில் ஆர்டர் திடீரென்று வற்றியது. முதலாளியும் நானும் தினமும் சாயங்காலம் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்ப்போம். யாராவது கேட்டால், "ஒண்ணும் இல்லை, போய் வேலையைப் பாருங்க" என்பேன். பயப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கம்பி அடுக்கும் ரேக் காலியாக இருப்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. வாரம் மூன்று முறை வந்த டெம்போ ஒரு முறைதான் வருகிறது, அதை என்னைவிட முன்னால் கவனித்தவர் வாட்ச்மேன். கேபின் கதவு சாத்தியிருப்பதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. இரண்டு பேருமே கை தேர்ந்த ஆபரேட்டர்கள். ரொம்ப நாள் கழித்து ஒருவரைப் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். "போகணும்னு நினைக்கலண்ணே. என்ன நடக்குதுன்னே தெரியல, அதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கேட்டு வெச்சேன். உடனே வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முறை யாரையும் நிறுத்துவதில்லை என்று முதலாளி முடிவு செய்திருந்தார். அதை ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மந்தத்தில் முதலில் கிளம்புகிறவர் வெளியே வேலை கிடைக்கக்கூடியவர், அதாவது உங்களுக்கு ரொம்பத் தேவையானவர். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு பேரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

1. ஆட்களிடம் பேசுவதற்கு முன் மேலே பேசுங்கள்

முதலாளியோ மேனேஜரோ "சும்மா சமாளிச்சுக்கோ" என்று சொன்னால் அத்துடன் எழுந்து வந்துவிடாதீர்கள். நாலு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். கையில் இருக்கும் ஆர்டர் எத்தனை நாளுக்கு வரும்? வர வேண்டிய பணம் எப்போது வரும்? செலவைக் குறைக்க வேண்டி வந்தால் எது முதலில், எது கடைசியில்? இதில் எதையெல்லாம் நான் ஆட்களிடம் சொல்லலாம்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்குத் தெளிவான பதில் இல்லாமல் கீழே போய் நின்றால், ஒன்று மழுப்புவீர்கள், இல்லையென்றால் உங்கள் அதிகாரத்தில் இல்லாததற்கு வாக்குக் கொடுத்துவிடுவீர்கள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். "யாரையும் நிறுத்த மாட்டோம், நான் கியாரண்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் தலை குனிந்து நிற்பார்கள். 

2. நீங்களே போய்ச் சொல்லுங்கள்

ஷிஃப்ட் மாறும் நேரம் நல்லது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவரிடம் முதலில் சொன்னால், அடுத்தவருக்குப் போய்ச் சேர்வது உங்கள் செய்தி இல்லை, அவர் கதை. வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள்.

முடிவானது என்ன, இன்னும் முடிவாகாதது என்ன, அடுத்து எந்தத் தேதியில் பேசுவீர்கள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு: "ஓ.டி. இந்த மாதம் கிடையாது. அடுத்த மாதம் பற்றி இன்னும் தெரியாது. 20ஆம் தேதி ஒரு ஆர்டர் முடிவாகும், 21 காலையில் இதே இடத்தில் சொல்கிறேன்." 21ஆம் தேதி சொல்ல எதுவும் இல்லை என்றாலும் அங்கே போய் நின்று, "இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லுங்கள்.

விளக்கம் சொல்வதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு இருக்கிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990ல் வெளியிட்டது. ஒரே கம்பெனியின் மூன்று ஆலைகள். ஆர்டர் குறைந்ததால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைத்தார்கள். ஒன்றில் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பத்து வாரங்களில் இரண்டு ஆலையிலும் பொருள் திருட்டு கூடியது. ஆனால் கால் மணி நேர ஆலையில் ரொம்ப அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. வெட்டு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு.

2019ல் வண்டி விற்பனை சரிந்து, சென்னையைச் சுற்றியுள்ள பெரிய வாகன ஆலைகளே வேலையில்லா நாட்கள் அறிவித்தபோது, நாங்கள் வருகை பதியும் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு மாட்டினோம். திங்கட்கிழமை காலையில் மூன்றே வரி எழுதுவேன்: கையில் ஆர்டர் எத்தனை நாள், இந்த வாரம் வர வேண்டிய பேமெண்ட் எத்தனை, சம்பளத் தேதி. ஒரு திங்கட்கிழமை "ஆர்டர்: 9 நாள்" என்று எழுத வேண்டி வந்தது. எழுதும்போது கை கூசியது. பத்தரை மணி டீக்கு ஒரு மூத்த டர்னர் வந்து போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒம்போது நாள்தான் வேலைன்னா, மழை வர்றதுக்குள்ள பின்பக்கத்து ஷீட்டு ஒழுகுறதை அடைச்சுடலாமா தம்பி?" என்று கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகளுக்கு இந்த விஷயம் அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இந்தி வராவிட்டால், அவர்களில் நன்றாகத் தமிழ் பேசும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வரிக்கு வரி சொல்ல வையுங்கள். அவர்கள் தங்கும் அறையில் ஒருவர் "கம்பெனி மூடப்போகுது" என்றால் மறுநாள் ஆறு பேர் சென்ட்ரலில் இருப்பார்கள். 

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: "நாமெல்லாம் ஒரே குடும்பம்." குடும்பத்தில் யாரையும் கணக்கு முடித்து அனுப்ப மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

3. எதை உத்தரவாகச் சொல்வது, எதைக் கேட்டுச் செய்வது

மேனேஜ்மெண்ட் வகுப்புகளில், உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் 1939ல் வெளியிட்ட ஆய்வைத் தவறாமல் சொல்வார்கள். சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது மாதிரி வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே உத்தரவிடுவார், ஒருவர் கலந்து பேசி முடிவெடுப்பார், ஒருவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிடுவார். உத்தரவுத் தலைவர் வெளியே போனதும் அந்தக் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் இல்லாதபோதும் வேலை ஓடியது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டம் போட்டு முடிவு செய்யக் கிளம்பிவிடாதீர்கள். மந்த நேரத்தில் சிலவற்றில் உத்தரவுதான் சரி: பாதுகாப்பு, சம்பளத் தேதி, இன்ஸ்பெக்‌ஷன். "ஆர்டர் குறைவு, இந்த ஒரு லாட்டை அப்படியே அனுப்பிடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். இருக்கும் ஒரு கஸ்டமரும் ரிஜெக்‌ஷனில் போனால் போர்டில் எழுத எண்ணே இருக்காது.

எத்தனை நாள் வேலை என்பது உங்கள் முடிவு. அந்த நாட்களை யார் யாருக்கு எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களிடம் கேளுங்கள். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் எங்கே வீணாகிறது, டூலில் மாட்டும் இன்ஸர்ட்டின் எந்த வெட்டு முனை தீராமலே குப்பைக்குப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் கேட்டபோது முதல் வாரத்தில் வந்த யோசனை, மதியம் காலியாக ஓடும் கம்ப்ரஸரை அணைப்பது. இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எதிலும் தலையிடாத மூன்றாவது வகைதான் நம் ஊரில் மந்தம் வந்தால் அதிகம் பார்க்கக் கிடைக்கிறது. யாரும் அதை வேண்டும் என்று செய்வதில்லை. ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதனால் கேபினிலேயே உட்கார்ந்துவிடுவது. ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது மெஷின் மெஷினாக நடந்து வாருங்கள், பேச ஒன்றும் இல்லை என்றாலும்.

ஆட்கள் மனம் கசப்பது எப்போதும் சம்பளத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். 1918ல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. டிபன் நேரத்தில் கை வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இது ஞாபகம் இருக்கட்டும்.

4. குறைக்கும்போது வரிசை

முதலில் மேலே இருப்பவர்களுடையதில் கை வையுங்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி. 2020ல் எங்கள் முதலாளி தன் சம்பளத்தை நிறுத்தினார் என்பது யார் மனதிலும் பதியவில்லை, காரை விற்றுவிட்டு ஸ்கூட்டரில் வந்ததுதான் பதிந்தது. அடுத்தது வீண் செலவு, அதன் பிறகு ஓ.டி. சம்பளமும் வேலை நாளும் அதற்கும் பிறகு.

ஓ.டி.யை நிறுத்துவது ஆபீஸில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பதினெட்டாயிரம் சம்பளக்காரர் ஓ.டி.யில் வரும் ஐந்தாயிரத்தை நம்பித்தான் சீட்டுக் கட்டியிருப்பார், அல்லது வண்டிக்கு இ.எம்.ஐ. போட்டிருப்பார். அதனால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். ஓ.டி. கொஞ்சம் மிச்சம் இருந்தால் உங்களுக்குப் பிடித்தவர்களுக்கே கொடுக்காமல் சுழற்சி முறையில் கொடுத்து, பட்டியலைப் போர்டில் ஒட்டுங்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவருக்கு முன்னுரிமை தரலாமா என்று எல்லோரிடமும் கேளுங்கள். எங்கள் இடத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

சம்பளத்தைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா? ட்ரூமன் பியூலி என்ற பொருளாதார அறிஞர் 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் மந்தம் இருந்தபோது, 300க்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டார். சம்பளத்தைக் குறைத்தால் எல்லோர் மனமும் உடைந்து, அந்தக் கசப்பு உள்ளேயே தங்கிவிடும், அதனால் சிலரை அனுப்பிவிடுவதே மேல் என்பது முதலாளிகள் பலரின் எண்ணமாக இருந்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நாற்பது பேர் உள்ள இடத்தில், தினமும் முகம் பார்க்கும் ஆட்கள், வேலை நாளைச் சமமாகப் பிரித்துக்கொள்வதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நிஜமாகவே சமமாக இருக்க வேண்டும். ஆபீஸ் ஆட்களுக்கு முழு மாதம், மெஷின் ஆட்களுக்கு மட்டும் பாதி என்றால் இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

நாளைப் பிரிக்கும்போது புதியவர்கள் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்க, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையோ அக்டோபர் முதல் மார்ச் வரையோ உள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் வேலை என்றால் 26 வாரத்துக்குச் சரியாக 78. ஒரு நாள் லீவு போட்டாலும் போச்சு. அதனால் நாட்களைக் குறைக்கும் மாதத்தில் ஒவ்வொருவர் கணக்கையும் எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தில் நினைவில் வைக்க வேண்டியவை சில. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். 20 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில், தகுதி உள்ளவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ், நஷ்டக் கணக்கு என்றாலும். பழைய சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதனால் உங்கள் இடத்துக்கு எது எப்படி என்று கணக்குப் பார்ப்பவரிடம் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்களிடம் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வேறு எதற்காவது திருப்பும் பேச்சு வந்தால் அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். அது குற்றம். தவிர, இன்று ஆளாளுக்கு ஃபோனில் அரசின் உமங் ஆப் இருக்கிறது, அதில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சம்பளம் தாமதமாகத்தான் போகிறது, வேறு வழியே இல்லை என்றால், குறைந்த சம்பளக்காரரிலிருந்து கொடுக்க ஆரம்பியுங்கள். ஹெல்பருக்கு முதலில், உங்களுக்குக் கடைசியில்.

5. சும்மா இருக்கும் மணி நேரம்

வேலை இல்லாத நாளில் கை தேர்ந்த ஆளிடம் துடைப்பத்தைக் கொடுப்பது போல மனதைக் கெடுப்பது வேறில்லை. ஒரு நாள் சுத்தம் செய்யலாம், நாலு நாள் செய்ய முடியாது. அந்த நேரத்தில் லேத் ஆளை வி.எம்.சி. என்ற மில்லிங் மெஷினில் நிறுத்துங்கள், ஹெல்பருக்கு டிராயிங் படிக்கவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுப்பது உங்கள் மூத்த ஆளாக இருக்கட்டும். அவருக்கும் அன்றைக்கு ஒரு மரியாதை.

ஆட்கள் சொல்லும் மராமத்து வேலைகளையும் கேட்டு எழுதி வையுங்கள். 2019ல் எங்கள் எலக்ட்ரீஷியன், பேனல் போர்டுகளை இரண்டடி உயர்த்திவிடலாம் என்றார். செலவு என்று தள்ளிப்போட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அவர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

6. பணம் இல்லாமல் கொடுக்கக்கூடியது

அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959ல், சம்பளமும் வேலை செய்யும் சூழலும் சரியில்லை என்றால் மனம் வெறுக்கும், அவை இருப்பதாலேயே ஊக்கம் வந்துவிடாது, ஊக்கம் வருவது வேலையிலிருந்தும் அதற்குக் கிடைக்கும் அங்கீகாரத்திலிருந்தும் என்றார். சரிதான். ஆனால் அவர் பேட்டி கண்டது இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும். கொரட்டூரில் வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் மாதம் ஓட்டுகிறவரை அவர் கேட்கவில்லை. அதனால் சம்பளத் தேதி உறுதியாகாத இடத்தில் "சிறந்த ஊழியர்" சான்றிதழ் கொடுக்கக் கிளம்பாதீர்கள். ஊக்கப் பேச்சாளரையும் கூப்பிடாதீர்கள்.

தேதி உறுதியான பிறகு கொடுக்க நிறைய இருக்கிறது. கேட்ட அன்றே பர்மிஷன். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவருக்கு ஷிஃப்ட் மாற்றம். நகைக் கடனுக்கோ வங்கிக்கோ சம்பளச் சீட்டு கேட்டால் அலையவிடாமல் கொடுப்பது. நல்ல யோசனை சொன்னவர் பெயரை, முதலாளி முன்னால், அவர் காதில் விழும்படி சொல்வது.

ஆயுத பூஜையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்வீட் பாக்ஸ் சின்னதாகலாம், பொரி கடலையோடுகூட முடிக்கலாம். ஆனால் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைக்க வேண்டும். வீட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் ஒரே நாள் அது. அப்பா எந்த மெஷினில் நிற்கிறார் என்று பிள்ளைக்குக் காட்டும் நாள். தீபாவளி போனஸ் தாமதமாகும் என்றால், பூஜை அன்று சொல்லாமல் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஜவுளி எடுப்பதற்கு முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

7. ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும் என்றால்

பொதுவாக ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், வேறு மாதிரி செய்தால் காரணம் எழுதி வைக்க வேண்டும். ஒரு வருடம் முடித்தவர் என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், நிறுத்திய இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கு. ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி.

சட்டத்தில் முக்கியமானவை இவை. மிச்சம் உங்கள் கையில். காலையில், தனியாக, உட்கார வைத்து, நீங்களே சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும், பதில் சொல்லி ஜெயிக்க வேண்டாம். அனுபவச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். அவர் எதிரிலேயே தெரிந்த இரண்டு கம்பெனிக்கு ஃபோன் செய்து கேளுங்கள். மெஷினில் நிற்கும் மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் கேபின் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். அன்று மதியமே மற்றவர்களைக் கூட்டி, வேறு யாராவது போக வேண்டியிருக்குமா என்பதை, தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள்.

8. ஆர்டர் திரும்பி வந்ததும்

வெட்டியதைத் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுங்கள். வேலை நாள் முதலில், ஓ.டி. அடுத்து, மேலே இருப்பவர்களுடையது கடைசியில். "ஆட்கள் தேவை" என்று போர்டு வைப்பதற்கு முன், அனுப்பியவர்களைக் கூப்பிட வேண்டும். ஆட்குறைப்பில் போனவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்லிச் சட்டமும் இருக்கிறது.

2020 கடைசியில் வேலை திரும்பியபோது, அந்த வருடம் அனுப்பிய மூன்று பேருக்கும் நானே ஃபோன் செய்தேன். இரண்டு பேர் அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள், "இப்ப ஒரகடத்துல இருக்கேண்ணே. இங்க கேன்டீன் நல்லாயிருக்கு" என்று சிரித்தார். பிறகு, ஐ.டி.ஐ. முடித்த தன் மச்சானை அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன்.